நல்லாருக்கேனுங்க, டாக்டரம்மா

கவுண்டம்பாளையத்துப் பாலுசாமியிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் இந்தக் கோயமுத்தூரில் ஆயிரம் பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். ஆயிரம் பேருக்கும் அவரைப் பற்றி ஒரே அபிப்பிராயம்தான்: அந்த மனுஷனுக்குக் கோபமே வராது. கியர் என்று நினைத்து அவர் முழங்காலைப் பிடித்து இழுத்த பேங்க் மேனேஜர் உண்டு. பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்து இளநீர்க் கடைக்குள் போகப் பார்த்த பெண் உண்டு. எல்லாரிடமும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பரவாயில்லீங், மெதுவா கிளட்ச உடுங்க. ரோடு எங்கயும் ஓடிப் போயிறாது."

திட்டாத மாஸ்டர் என்ற பேர் ஒன்றை வைத்துத்தான் இருபத்திரண்டு வருஷமாக அவருடைய டிரைவிங் பள்ளி ஓடியது. காரின் இரண்டு பக்கமும் அவர் பேரும் போன் நம்பரும் மஞ்சள் எழுத்தில் இருக்கும். அவர் இடப்பக்க சீட்டில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் செருப்பை லேசாக வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற மாமனைப் போலச் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார்.

இதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. காலையில் கண்ணாடி முன்னால் மீசை சீவும்போது, 'இந்த ஜில்லாவுல நம்மளாட்டம் சாந்தமான ஆள் இன்னொருத்தன் இருப்பானா' என்று தன்னையே கேட்டு, இருக்கமாட்டான் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி பத்மாவதி, "காப்பி ஆறுதுங்க" என்பாள்.

"தெரியும், போ" என்பார்.

போன வருஷம் பாலம் கட்டுகிறோம் என்று மேட்டுப்பாளையம் ரோட்டை ஒரு பக்கம் தோண்டிப் போட்டார்கள் அல்லவா, வினை அங்கேதான் ஆரம்பித்தது. காலை ஆறு முதல் இரவு ஏழு வரை அந்தப் புழுதிக்குள்ளேயே முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தால் யார் நெஞ்சுதான் தாங்கும்? மார்கழிக் குளிரும் சேர்ந்துகொள்ள, பாலுசாமிக்கு இழுப்பு வந்துவிட்டது. படுத்தால் நெஞ்சுக்குள் விசில். நாலு படி ஏறினால் நின்று சுவரைப் பிடிக்க வேண்டும். "லெப்ட்ல திரும்புங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பழகுகிறவர்கள் ரைட்டில் திரும்பி முடித்திருந்தார்கள்.

நெஞ்சு டாக்டர் லின்சியிடம் போனார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், பொறுமையான அம்மணி. ஊதச் சொல்லிச் சோதித்துவிட்டு ஆஸ்துமா என்றார். ஒரு இன்ஹேலர் எழுதிக் கொடுத்து, முதலில் மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், பிறகு அமுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும், பத்து எண்ணும்வரை பிடித்துவைக்க வேண்டும், கடைசியில் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று செய்தும் காட்டினார். காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு. ஒரு வாரத்தில் விசில் நின்றது. பாலுசாமி பத்தாம் நாள் மருதமலைப் படியை நிற்காமல் ஏறினார். சந்தோஷம் தாங்காமல், வகுப்பு அதிகமாக இருக்கிற நாட்களில் கூடுதலாக ரெண்டு அமுக்கிக்கொண்டார். நல்ல மருந்து, கூடக் கொஞ்சம் போனால் என்ன, டேங்க் நிறைய இருக்கட்டுமே என்பது அவருடைய மருத்துவ ஞானம்.

பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கை நடுங்கியது. டீக் கப்பை வாங்கினால் சாஸரில் பாதி டீ. தூக்கம் மூன்று மணிக்கே கழன்றுகொண்டது. நெஞ்சு எதற்கென்று தெரியாமல் படபட என்று அடித்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தால், இறங்கிப் போய் அவன் ஹாரனைப் பிடுங்கிவிடலாமா என்று தோன்றியது. இருபத்திரண்டு வருஷத்தில் தோன்றாத ஆசை.

அதெல்லாம் கூடப் பரவாயில்லை. அழுகை வந்தது, அதை எங்கே போய்ச் சொல்ல! ஒரு பையன் பத்தாவது முயற்சியில் ரிவர்ஸ் எடுத்ததற்குக் கண் கலங்கியது. மிக்ஸி விளம்பரத்தில் ஒரு குழந்தை சட்னியை நக்கிச் சிரித்ததற்குத் தேம்பினார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு பெண் பாஸ் ஆனபோது அவள் அப்பா சும்மா நின்றார், பாலுசாமி விம்மினார். "மாஸ்டருக்கு எங்க மேல எத்தன பாசமுங்க" என்றார் அந்த அப்பா. பாலுசாமியும் அப்படித்தான் நம்பினார். தனக்குத் தங்க மனசு, வயசாக ஆக அது உருக ஆரம்பித்திருக்கிறது என்று முடிவுகட்டினார். எரிச்சல் வந்தால் வெயில், நடுக்கம் வந்தால் சர்க்கரை, தூக்கம் வராவிட்டால் பக்கத்து வீட்டு நாய். சனிப்பெயர்ச்சியைக்கூட விசாரித்துவிட்டார். தினம் நாலு தடவை வாய்க்குள் அமுக்கிக்கொள்ளும் டப்பாவை மட்டும் அவர் சந்தேகப்படவே இல்லை.

ஒரு மாதம் கழித்து டாக்டரைப் பார்க்கப் போனார். "மருந்து எப்படி இருக்குங்க? ஏதாவது தொந்தரவு?" என்று லின்சி கேட்டார்.

"நல்லாருக்கேனுங்க, டாக்டரம்மா. தங்கமான மருந்துங்க."

"தூக்கம், படபடப்பு, மனசு... எல்லாம் சரியா இருக்குங்களா?"

"ஒரு குறையும் இல்லீங்க."

அவர் கை அப்போது மேஜைக்குக் கீழே முழங்காலின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லை என்று அர்த்தம். விருந்துக்குக் கூப்பிட்டவர் பந்தியில் வந்து நின்று சாப்பாடு எப்படிங்க என்று கேட்டால், ரசத்தில் உப்பே இல்லாவிட்டாலும் பிரமாதமுங்க என்று சொல்லித்தானே பழக்கம்? அந்த அம்மணி அவ்வளவு அக்கறையாக எழுதிக் கொடுத்த மருந்து. அதைப் போய் எனக்கு ஒத்துக்கவில்லை என்று முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? அவர் மனசு என்ன பாடு படும்! இரண்டாவது மாதமும் போய் இதையே சொன்னார். இரண்டாவது தடவை போகும்போது ஒரு சீப்பு கதலிப்பழம் வேறு கொண்டுபோய்க் கொடுத்தார்.

இந்தச் சமயத்தில்தான் சின்னத்தாயி வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். காரமடைக்காரி, ஐம்பது வயது. ஒன்றரை ஏக்கரில் கறிவேப்பிலை. இலையை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகக் குட்டியானை வண்டி ஒன்று வைத்திருந்தாள், டிரைவர்தான் வாரத்தில் மூன்று நாள் வராமல் போனான். வெட்டிக் கட்டிய இலை வெயிலில் கிடந்து வாடும். இனி நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று முடிவெடுத்து காரமடையிலேயே ஒரு மாஸ்டரிடம் சேர்ந்தாள். மூன்றாம் நாள் அவர் திட்டினார், இறங்கிவிட்டாள். அப்புறம்தான், கவுண்டம்பாளையத்தில் திட்டாத மாஸ்டர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தினமும் பஸ் ஏறி வந்தாள். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் வந்தாள் என்பதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் வகுப்பு. பின் சீட்டில் அடுத்த வகுப்புக்காரி மோகனப்பிரியா, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, தன் முறைக்காகக் காத்து உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் பச்சை விழுந்தது. சின்னத்தாயி கிளட்சைச் சட்டென்று விட்டாள், வண்டி குலுங்கி அணைந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி அணைந்தது. பின்னால் டவுன் பஸ், லாரி, ஐம்பது டூவீலர், அத்தனையும் ஒரே நேரத்தில் ஹாரன். மூன்றாவது தடவையும் அணைந்தது.

பாலுசாமி டேஷ்போர்டில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

"கண்ணு மூஞ்சில இருக்குதா, பொடனில இருக்குதா? பத்தொம்பது நாளாச் சொல்றேன், மண்டைல ஏறுதா உனக்கு? உனக்கெல்லாம் வண்டி ஒரு கேடா! கம்முனு கறிவேப்பிலை கட்டிட்டு ஊட்ல கெடக்க வேண்டியதுதான!"

பேசியது தன் வாய்தானா என்று பாலுசாமிக்கே சந்தேகம். அடுத்த நொடி, ஆண்டவன் புண்ணியத்தில், அவருக்கு அழுகையும் வந்துவிட்டது. சாதாரண அழுகை இல்லை, தோள் குலுங்கக் குலுங்க அழுகை. டவுன் பஸ்ஸின் ஜன்னல் வரிசை முழுக்க முகங்கள். காரின் பக்கவாட்டில் பேரும் போன் நம்பரும் பளிச்சென்று மஞ்சளில்.

சின்னத்தாயி ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "அந்தக் காரமடை மாஸ்டர் எவ்வளவோ தேவலையுங்க, அவரு திட்டிப்போட்டு அழுகல" என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

மோகனப்பிரியா நல்ல பெண்தான். ஆனாலும் தன் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் 'மாஸ்டருக்கு என்னவோ ஆயிடுச்சு, பயமா இருக்கு' என்று அன்று மத்தியானமே போட்டுவிட்டாள். பதினொரு பேர் பழகிக்கொண்டிருந்த இடத்தில் திங்கட்கிழமை ஏழு பேர் வந்தார்கள், வியாழக்கிழமை நாலு. திட்டாத மாஸ்டர் என்ற பேர் போனால் அந்தப் பள்ளியில் வேறு என்ன இருக்கிறது? ஒரு பழைய கார், நடுங்குகிற கை. நடுங்குகிற கையை நம்பி யார் தன் பெண்ணை உட்கார வைப்பார்கள்? பாலுசாமிக்கு வேறு தொழிலும் தெரியாது.

சின்னத்தாயி இறங்கிப் போன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் நேரே அடுப்படிக்குப் போய், கிரைண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பத்மாவதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னாச்சுங்க என்றாள். அவ்வளவுதான், அழுகை பொத்துக்கொண்டது. அழுதுகொண்டே என்னென்னவோ பேசினார். கை நிற்க மாட்டேன் என்கிறது, பள்ளியை மூடிவிட்டால் என்ன செய்வேன் என்றார். தன் அப்பா கடைசி மாதம் முழுக்க மூச்சுக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்ததைச் சொன்னார். இழுப்பு வந்த முதல் நாளிலிருந்து அதேதான் கண்ணுக்குள் நிற்கிறது, எனக்கும் அப்படித்தானோ என்று பயமாக இருக்கிறது என்றார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் பயம் என்ற வார்த்தையை அவர் அந்த வீட்டுக்குள் சொன்னதில்லை. பத்மாவதி ஈரக் கையோடு எதிரில் உட்கார்ந்து கேட்டாள். நடுவில் அடுப்பில் பருப்பு அடிபிடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

அழுகை ஓய்ந்ததும் பாலுசாமி மூக்கை உறிஞ்சினார். "என்ன கருகற வாசம்? அடுப்புல என்ன இருக்குதுன்னு கூடப் பாக்க மாட்டியா?" என்று கத்திவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்த வாரம் இன்னும் இரண்டு மூன்று தடவை இதே கதை நடந்தது. அழுவார், பேசுவார், கத்துவார், போய்விடுவார்.

மருந்தோடு வரும் விளக்கத்தாள் கண்ணில் பட்டது தற்செயல்தான். புது டப்பாவைப் பிரித்தபோது உள்ளேயிருந்து எட்டாக மடித்த காகிதம் விழுந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்து. போனைக் காட்டித் தமிழாக்கிப் பார்த்தார். நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை, அமைதியின்மை, எரிச்சல். சிலருக்கு, அபூர்வமாக, மனச்சோர்வு, நடத்தையில் மாற்றம். பாலுசாமி எழுந்து நின்றுவிட்டார்.

"பத்மா! ஏ பத்மா! இங்க வா! நானில்ல! நான் பண்ணல! எல்லாம் இந்த மருந்து பண்ணின வேல!"

கொலைக் கேஸில் விடுதலையானவன்கூட அப்படிக் கூவியிருக்கமாட்டான். பத்மாவதி வந்து காகிதத்தைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"அப்டீங்களா" என்றாள்.

"பின்ன? என்னோட கொணம் உனக்குத் தெரியாதா?"

பாலுசாமி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து நடுக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம், எரிச்சலைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டார். மருந்தை அந்த நிமிஷமே நிறுத்தினார். டாக்டரைக் கேட்கவில்லை. கேட்டால்தான் அந்த அம்மணி மனசு சங்கடப்படுமே!

மருந்தை விட்ட மூன்றாம் நாள், காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு காரமடைக்குப் போனார். சின்னத்தாயி தோட்டத்தில் இலைக்கட்டுகளைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள். தேர்வுக்கு எட்டு நாள்தான் இருந்தது. அவள் திரும்ப வந்தால், வந்து பாஸும் ஆகிவிட்டால், ஊர் வாயை அடைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. வரப்பில் நடந்து வந்ததற்கே மூச்சு மேலும் கீழும் வாங்கியது.

"ஏனுங்க மாஸ்டர், இன்னும் திட்டறதுக்கு மிச்சம் இருக்குதுங்களா?"

"அம்மணி, அது நானில்லீங்க. இதப் பாருங்க" என்று காகிதத்தை நீட்டினார். சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டி விளக்கினார். விளக்கும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

சின்னத்தாயி பொறுமையாகக் கேட்டாள். "இருக்கலாமுங்க. எங்க அக்கா மகளுக்கும் ஏதோ ஒரு மாத்திரைல இப்படித்தான் ஆச்சு, டாக்டரு மாத்திக் குடுத்தாரு. உங்க டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"அவுங்ககிட்டச் சொல்லலீங்க."

"ஏனுங்க?"

"பாவமுங்க, நல்ல அம்மணி. மனசு வெசனப்படுமுங்க."

கட்டிக்கொண்டிருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டு அவள் சிரித்தாள். அடக்கமாட்டாத சிரிப்பு. "ஏஞ்சாமி, காசு வாங்கி வைத்தியம் பாக்கற டாக்டரு மனசு வெசனப்படும். பஸ் ஏறி வந்த எம் மனசு வெசனப்படாதுங்களா? அத்தன பேரு முன்னால உனக்கெல்லாம் கேடான்னு கேட்டீங்களே, அப்ப எங்க போச்சுங்க இந்த மரியாத?"

பாலுசாமி வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாக விசில்தான் வந்தது.

"மருந்த உட்டுப்போட்டீங்களா?" சின்னத்தாயியின் சிரிப்பு நின்றுவிட்டது. "மூச்சு உடறது இங்க வரைக்கும் கேக்குது. நல்லா இருக்குதுங்க உங்க ரோசனை. நாளைக்கே அந்த டாக்டரம்மாகிட்டப் போயி உள்ளதச் சொல்றீங்க. தனியாப் போகாதீங்க, போனா நல்லாருக்கேனுங்கன்னு சொல்லிப்போட்டு வருவீங்க. ஊட்டுக்காரம்மாவக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கப்பறம் நான் வாரேன்."

சொன்ன வார்த்தைப்படி அவள் வந்தாள், பங்குனி மாதத்திலேயே லைசென்ஸும் வாங்கினாள். ஊர் அதைத்தான் பெரிதாகப் பேசியது. பாலுசாமிக்கு மறக்காதது, காரமடைக்குப் போய் வந்த மறுநாள் டாக்டர் அறையில் நடந்தது.

அவர் பத்மாவதியைக் கூட்டிக்கொண்டு போனது சந்தோஷமாகத்தான். சாட்சி சொல்ல அவளைவிடச் சரியான ஆள் யார்? இருபத்தேழு வருஷம் கூடவே இருந்தவள். எங்க ஊட்டுக்காரரு பூ மாதிரி மனுஷனுங்க, இந்த மருந்துதான் அவரைக் கெடுத்துப்போட்டுது என்று அவள் சொல்ல வேண்டும், டாக்டர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். முடிந்தால் டாக்டர் எழுதியதை ஒரு காப்பி எடுத்து மோகனப்பிரியாவின் வாட்ஸப் குழுவுக்கே அனுப்பிவிடலாம் என்றும் யோசித்து வைத்திருந்தார்.

உள்ளே போனதும் டாக்டர் லின்சி வழக்கம்போல, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

பாலுசாமியின் வாய் தன்னால் திறந்தது. "நல்லா..."

"நல்லா இல்லீங்க, டாக்டரம்மா" என்றாள் பத்மாவதி.

எல்லாம் வெளியே வந்தது. நடுக்கம், தூக்கம், சிக்னல், அழுகை, கூட அமுக்கிக்கொண்ட ரெண்டு, நாலு நாளாக நிறுத்தியது. கூட அமுக்கிய விஷயத்தை பாலுசாமி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

லின்சி கோபித்துக்கொள்ளவில்லை. மனசும் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ஊதச் சொல்லிப் பார்த்தார். "ரெண்டு மாசமாக் கேக்கறேன், நல்லாருக்கேன்னே சொல்லிட்டீங்க. நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்? இந்த மருந்துல சிலருக்குக் கை நடுங்கும், படபடப்பு வரும், தூக்கம் போகும். ரொம்பக் கொஞ்சம் பேருக்கு மனசும் மாறும். நீங்க கூட வேற எடுத்திருக்கீங்க. ஆனா அதைவிடத் தப்பு, நீங்களா நிறுத்தினது. திடீர்னு இழுப்பு எச்சாகி ரோட்டுல மாட்டியிருந்தா என்ன செய்வீங்க?"

பாலுசாமி தலையை ஆட்டினார்.

"எது மருந்தால வந்தது, எது முன்னாடியே இருந்ததுன்னு பிரிச்சுப் பாத்துக்கறேன்" என்று லின்சி ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். ஒரு பக்கம் மருந்துக்கு முன், மறு பக்கம் மருந்துக்குப் பின். "நீங்க சொல்லுங்கம்மா. கை நடுக்கம்?"

"மருந்துக்கப்பறந்தானுங்க."

"தூக்கமில்லாம இருக்கறது?"

"அதும் அப்பறந்தானுங்க. முன்னால குறட்ட உட்டுத் தூங்குவாரு."

"எரிச்சல், கோபம், கத்தறது?"

பாலுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்காகத்தானே கூட்டி வந்தது.

"அது எப்பவுமுங்க" என்றாள் பத்மாவதி.

லின்சியின் பேனா நின்றது. "எப்பவும்னா?"

"கல்யாணமான நாள்லருந்துங்க. வெளிய அவரு சாந்தமுங்க, டாக்டரம்மா. அத்தன பேருகிட்டயும் நாள் முழுக்கப் பொறுமையாப் பேசிப்போட்டு ஊட்டுக்கு வாரப்ப மிச்சம் இருக்காதுங்க. மருந்து வந்தப்பறம் வெளியயும் கத்த ஆரம்பிச்சுட்டாரு, அவ்வளவுதானுங்க."

அவள் குறை சொல்லவில்லை. பால் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னாள். பாலுசாமி அவள் முகத்தைப் பார்த்தார். ஏதாவது கோபத்தில் பேசுகிறாளோ என்று தேடினார், அதுகூட இல்லை. காலையில் கண்ணாடி முன்னால் கேள்வி கேட்டுப் பதிலும் சொல்லிக்கொண்ட ஆளை நினைத்தால் அவருக்கே கூச்சமாக இருந்தது. பதில் தெரிந்தவள் பக்கத்திலேயே காப்பியோடு நின்றிருக்கிறாள், அவளைக் கேட்டதில்லை.

லின்சி கோபத்தை முதல் பக்கத்தில் எழுதினார். "அழுகை?"

"அது புதுசுங்க. இந்த ரெண்டு மாசமாத்தான்."

லின்சி மருந்தை மாற்றி எழுதினார். அளவைக் குறைத்திருப்பதாகவும், இனி ஒரு தடவைகூட அதிகம் அமுக்கக் கூடாது என்றும், ஒரு பிளாஸ்டிக் குடுவையை மாட்டி அதன் வழியாக இழுக்க வேண்டும் என்றும், இரண்டு வாரத்தில் கட்டாயம் வந்து உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். "நடுக்கம், தூக்கம், இந்த அழுகை எல்லாம் கொறஞ்சுரும்னு நெனைக்கறேன். குறையலைன்னா வேற பாக்கலாம். அந்தப் பழைய கோபத்துக்கு மட்டும் எங்கிட்ட மருந்து இல்லீங்க" என்று சிரித்தார்.

பாலுசாமியும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எழுந்தார். பத்மாவதி எழுந்திருக்கவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கம்மா."

"அந்த அழுகைய மட்டும் கொஞ்சமா உட்டு வெக்க முடியுங்களா?"

"ஏம்மா அப்படிக் கேக்கறீங்க?"

"அழுகறப்ப மட்டுந்தானுங்க எங்கூடப் பேசறாரு."

லின்சி கையிலிருந்த மருந்துச் சீட்டை மெதுவாக நீட்டினார். பத்மாவதி அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வாரேனுங்க என்று கும்பிட்டுவிட்டு முதலில் வெளியே போனாள்.

பாலுசாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டை எடுத்து ஒற்றினார், மறுபடி நிறைந்தது. மருந்தை விட்டு நாலு நாள் ஆகிறது, அந்த டப்பாவின் மேல் பழியைப் போட முடியாது. அவர் அப்படியே, கண்ணைத் துடைக்காமல், அவள் பின்னால் போனார்.